மூன்றாம் பாலம்

பாலத்துக்கு மேலே கவுண்டி; குடிக்கலாம்.
பாலத்துக்குக் கீழே நகரம்; கேன் கூடாது.
தண்ணீர் ஒன்றுதான்.
தூணில் அடித்த மஞ்சள் கோட்டை
வெள்ளம் வந்து அழித்துவிட்டுப் போகும்.
மே மாதம் நகராட்சி ஆள் வந்து
அடித்துவிட்டுப் போவான்.

நான் வெர்லின் ஓபிட்ஸ். பஸ் ஓட்டுகிறேன்.
முன்னே அது பள்ளிக்கூடப் பஸ்,
சீட்டு முதுகுகளில் இன்னும்
யாரோ யாரையோ காதலிக்கிறார்கள்.
காலையில் உலர்ந்தவர்களை மேல்துறையில் இறக்குவேன்,
மாலையில் நனைந்தவர்களைக் கீழ்த்துறையில் ஏற்றுவேன்.
இடைப்பட்ட டெக்சஸ் வெயில் முழுக்க
பாலத்தடியில் என் நிற்பு:
கையில் கொக்கிக் கழி,
பக்கத்தில் ஒரு நீல டிரம்.

வருகிறார்கள்.
ரப்பர் வளையத்தில் பின்புறம் புதைத்து
பாதங்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு.
பத்து வளையத்தை ஒரே கயிற்றில் கோத்து
நடு வளையத்தில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி,
ஐஸ்பெட்டி.

"கேன்!" என்று கத்துவேன்.
உடனே கழுத்துகள் அண்ணாரும்.
கோடு நெருங்க நெருங்க
தொண்டைக்குழிகள் ஓட்டமெடுக்கும்.
சட்டம் இல்லையென்றால் இந்த வேகத்தில்
ஒருத்தனும் குடித்திருக்க மாட்டான்.
நகர மன்றத்தில் முதலாளி மர்லீன் இதைச் சொன்னாள்.
எழுதிக்கொண்டார்கள்.

ஒருவர் வக்கீலாம்.
"நான் மிதக்கிறேன், நகரத்தைத் தொடவில்லையே"
என்று மல்லாந்தபடியே வாதாடினார்.
கயாக்கில் இருந்த டெப்யூட்டி கந்தூ
துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள்.
பிறகு நனையாத உறையில் ரசீதைப் போட்டு
அவர் தொப்புள் மேல் வைத்தாள்.

இன்னொருத்தி தன் குழந்தையின் மிதவைச் சட்டைக்குள்
இரண்டு கேன் ஒளித்திருந்தாள்.
குளிர் தாங்காமல் குழந்தைதான் காட்டிக்கொடுத்தது.

பிடித்த சரக்கைத் திருப்பித் தரக்கூடாது.
விற்கக்கூடாது. ஊழியர் குடிக்கக்கூடாது.
மூடியோடு எறியவும் கூடாது.
ஒவ்வொன்றாய்த் திறந்து
ஆற்றிலிருந்து நூறு அடி தள்ளிக் கொட்டவேண்டும்.
கொட்டகைக்குப் பின்னால் ஒரு பீக்கன் மரம்.
அதன் வேரில் தினமும் ஆறரை மணிக்கு.

ட்சிக்.

அந்தச் சத்தம்தான்.
நுரையைப் பார்க்காமல் இருந்துவிடலாம்,
மூச்சை அடக்கினால் வாசனையையும் ஏமாற்றலாம்.
காதுக்கு இமை கிடையாது.

ட்சிக்.

நாலு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது எனக்கு.
மர்லீன் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.
வேலைக்கான விண்ணப்பத்தில்
முதுகுவலி உண்டா என்று மட்டும் இருந்தது.

ஜூலை நாலாம் தேதி டிரம் வழிந்தது.
மரத்தடியில் குளவிகள்
நடக்கத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தன.
நாற்பதாவது கேனில் என் விரல்
வளையத்துக்குள் நுழைந்து அப்படியே நின்றது.
எவ்வளவு நேரமோ.

கைப்பட்டை விற்கும் பெண், இட்செல்,
பாதி சாப்பிட்ட தர்ப்பூசணியோடு வந்தாள்.
என்னைப் பார்த்தாள். கேனைப் பார்த்தாள்.
தோலை வீசிவிட்டு
கையைக் கால்சட்டையில் துடைத்து
பக்கத்தில் குந்தினாள்.
"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.
எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க."

பத்தொன்பது வயசு அவளுக்கு.
சட்டப்படி இருபத்தொன்று ஆகும்வரை
ஒரு கேனைக் கையில் பிடிக்கவும் கூடாது.
நான் ஆற்றைப் பார்த்து எண்ணினேன்.
நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று.
அவள் நடுவில் எதையோ முணுமுணுத்துப் பாடினாள்,
சத்தம் கேட்கக் கூடாதென்று நினைத்திருப்பாள்.
கேட்டது. ஆனாலும் பாட்டும் கேட்டது.

நகராட்சிப் படிவம் மூன்று வரி.
அழிக்கப்பட்டவை: இருநூற்றுப் பன்னிரண்டு.
கொட்டியவர் கையொப்பம்: போட்டேன்.
சாட்சி என்ற கட்டம்
சீசன் தொடங்கியதிலிருந்து காலிதான்,
யாரும் கேட்டதில்லை.
இட்செல் பேனாவை வாங்கி
பெயரை முழுசாய் எழுதினாள்,
தாய்வழிப் பெயர், தந்தைவழிப் பெயர், எல்லாம்.
கட்டத்துக்கு வெளியே வழிந்தது.

பிறகு பஸ்ஸை எடுக்கப் போனேன்.
கீழ்த்துறையில் நாற்பது பேர்
ஈரத்தோடு ஹாரன் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.